பதினொன்றேகால் ஊதுபத்தி

காலை பதினொன்றேகாலுக்கு எந்த வீட்டிலும் ஊதுபத்தி கொளுத்துவதில்லை. சாமி கும்பிடுகிறவர்கள் ஏழு மணிக்குள் கும்பிட்டு முடித்து அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். மறுபடி தீப்பெட்டியைத் தேடுவது விளக்கு வைக்கும் நேரத்தில்தான். திலகவதி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றில் கால் இருக்கும்போதே மூக்கு அவளிடம் சொல்லிவிட்டது. மல்லிகை ஊதுபத்தி, ஒன்றல்ல, மூன்று நான்கு சேர்த்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அதற்கு அடியில் டெட்டால். டெட்டாலுக்கும் அடியில் இருப்பதை அவள் தேடவில்லை. தேடவும் வேண்டாம், அவள் புடவையிலேயே அது கொஞ்சம் இருக்கும், இரண்டு தரம் சோப்புப் போட்ட பிறகும் விரலிடுக்கில் இருக்கும். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. ஆண் செருப்பு குதிகாலில் தேய்ந்து போயிருந்தது. பெண் செருப்பின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. ஐந்தாறு மாதமாக அதில் யாரும் கால் நுழைக்கவில்லை. சிவப்பு, என்றது மனசு, காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்பே. அவள் வேலையில் எல்லாமே மூன்று நிறம்தான். பச்சை என்றால், போ என்றால் போய்விடுகிற ஆள், வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், வாரத்துக்குள் வேறொருவர் வந்து மறுபடி பார்ப்பார். சிவப்பு என்றால் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள், முடிந்தால் அதற்கும் முன்னால் கிளப்பிவிடுங்கள். சேலையூரில் தொடங்கி செம்பாக்கம், மாடம்பாக்கம் வரைக்கும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ உட்கார்ந்துகொண்டு பயப்படுகிறவர்களுக்காக ஒரு ஆபீஸ். அந்த ஆபீசுக்காகத் திலகவதி நாலு வருஷமாகக் குடையும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். குடித்தனக்காரர்களிடம் மட்டும், குழாய் ஒழுகுதா, சுவர் ஓதம் அடிக்குதா பார்க்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். சுவரை யார் பார்த்தார்கள்.

கதவைத் திறந்தவர் கோதண்டம். பெயரும் வயதும் ஃபைலில் இருந்தன: அறுபத்தாறு, ரிட்டையர்ட் பஸ் கண்டக்டர். மனைவி சுலோச்சனா. ஒரு மகன், கம்பெனி வேலை. "வாங்கம்மா வாங்க, ஓனர் போன்ல சொன்னாரு. உட்காருங்க. நான் நிக்கிறேன், முப்பத்தெட்டு வருஷம் நின்னுக்கிட்டே இருந்தவன், உட்கார்ந்தா பேச்சு வராது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு தயாரித்து வைத்த சிரிப்பு. இவளும் தயாரித்து வைத்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டிவியில் ஒரு மாமியாரும் மருமகளும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் முப்பதுக்கு மேல் இருக்கும். முப்பத்தி இரண்டு என்று நினைத்தாள். தன் வீட்டில் பகல் ஆயாவாக இருக்கிற அமலோற்பவத்துக்கு அவள் சொல்லிவைத்திருப்பது முப்பது. முப்பது போதும், அதற்கு மேல் போனால் கீழ்வீட்டில் கேட்கும், எதுக்கு இவ்வளவு சத்தம் என்று வீட்டுக்கார அம்மா மாடியேறி வருவாள். இவர் தனி ஆள், சொல்லிக்கொடுக்க யாருமில்லை, பயத்தில் இரண்டு கூட்டி வைத்திருக்கிறார். "டிவி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். குறைக்கச் சொல்வது அவளே எழுதிக்கொடுத்த முறை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லு, எந்தக் கதவைப் பார்க்கிறாங்கன்னு பாரு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள், படுத்திருப்பவரை ஒளிக்கிற வீட்டுக்குப் பதினேழு அடையாளம், ஆபீசில் எல்லாருக்கும் அது திலகாக்கா லிஸ்ட். நேரங்கெட்ட நேரத்து ஊதுபத்தி, அதிக சத்தத்தில் டிவி, மொட்டைமாடியை விட்டுவிட்டு வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவது, கிழித்த பழைய வேட்டித் துண்டுகள், பேசினில் ஸ்பூனோடு கிடக்கிற சின்ன டம்ளர். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாளே அதை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். மேனேஜர் சுதாகர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கணவர் பலராமனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பாவம்டி, சாகக்கூட இடம் பார்த்துக்கிட்டுத்தான் சாகணுமா" என்றார். இவள் சிரித்தாள். வேலைன்னா வேலைங்க, என்றாள்.

"மோர் தரட்டுங்களா? வெயில்ல வந்திருக்கீங்க" என்று கேட்டபடி அவர் சமையலறைக்குப் போனார், போகிற வழியில் மூடியிருந்த அந்த இடது பக்கத்துக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். பார்க்காதே ஐயா, என்று உள்ளுக்குள் அவள் கத்தினாள். என்னைப் பார், சுவரைப் பார், டிவியைப் பார், கதவை மட்டும் பார்க்காதே, முதல் பாடமே அதுதானே. சாகிற ஆள் இருக்கிற வீட்டுக்கு யார் வாடகைக்கு விடுவார்கள், விட்ட பிறகு யார் வைத்திருப்பார்கள். சாவு விழுந்த வீடு என்று தெருவில் பேச்சு வந்தால் புரோக்கர்கூட அந்தப் பக்கம் ஆள் கூட்டிக்கொண்டு வர மாட்டான். வெள்ளையடித்து, ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாகவாசனம் செய்து, அப்புறமும் ஆறு மாசம் பூட்டிக் கிடக்கும். அதனால்தான் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், அவள் வீட்டுக் கீழ்வீட்டு அம்மா சொன்ன அதே வார்த்தை. நூறு வயசு இருக்கட்டும் திலகா, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ஏதாவது ஆகும்னு தெரிஞ்சா முன்னாடியே ஆஸ்பத்திரியில சேத்துடும்மா, வைகாசியில நம்ம பொண்ணு கல்யாணம் வேற வருது. அங்கே சேர்த்தால் அங்கிருந்து நேரே சுடுகாடு. வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள், வாசலில் ஐந்து நிமிஷம்கூட இறக்கிவைக்க விடமாட்டார்கள். கீழ்வீட்டு அம்மாவுக்கு இவள் சொல்லியிருப்பது பலராமனுக்கு வாதம் என்று. பிசியோதெரபி கொடுத்தால் வைகாசியில் எழுந்து நடப்பார், கல்யாணத்துக்குப் பந்தி விசாரிப்பார் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லத் தொடங்கினால் கொஞ்சம் ஜோடனை தானாகவே வந்து சேர்ந்துகொள்கிறது. புற்று கல்லீரலில் ஆரம்பித்து முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னது கார்த்திகையில். வீட்டுக்கே அழைச்சிட்டுப் போயிடுங்கம்மா என்றார். வருகிற வழியில் ஆட்டோவில், பலராமன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "இனிமே என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாத திலகா. அந்த ஜன்னல் கிட்டயே போட்டு வச்சிரு, போதும்" என்றார். அந்த ஜன்னலில் என்ன பெரிய காட்சி, பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்கும் ஒரு முருங்கை மரமும். அவர் அவளிடம் இருபத்தாறு வருஷத்தில் கேட்ட பெரிய விஷயம் அது ஒன்றுதான், அதைக்கூட ஒளித்து ஒளித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மோர் வந்தது. உப்பு அதிகம். மனைவி படுத்துவிட்ட வீட்டு மோர் இப்படித்தான் இருக்கும், ஆண்களுக்கு உப்பில் கை நிற்காது. "அம்மா இல்லைங்களா?" என்று கேட்டாள், கேட்க வேண்டிய கேள்வி, ஃபாரத்தில் இருக்கிறது. "அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காம்மா, மதுராந்தகம். பத்து நாள் ஆகும்." செருப்பை விட்டுவிட்டா போனார்கள் என்று கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று இருபத்தி ஐந்து. ஆபீஸ் பெண் நிவேதாவுக்குப் பன்னிரண்டு மணி. காலையில் ஆபீஸ் குரூப்பில் அன்றைக்கான வீடுகளைப் போட்டபோது திலகவதி பலராமனுக்கு வாயில் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தவள், நிவேதா என்ற பெயருக்கு நேரே மாடம்பாக்கம் என்று பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கதவு எண்ணைப் பார்த்தாள். முதல் மாடி என்பதையும் பார்த்தாள், அவள் வீடேதான். ஸ்பூன் அவர் தாடையில் இடித்தது. கீழ்வீட்டு அம்மாவும் ஆபீசில் வீட்டைப் பதிந்துவிட்டாள், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சொல்வார்களா என்ன, சொல்லாமல் இருப்பதற்குத்தானே ஆபீஸ். நிவேதாவுக்கு இருபத்து நாலு வயது, போன வருஷம் சேர்ந்தவள், பதினேழு அடையாளத்தையும் பஸ்ஸில் திலகவதியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒப்பித்தவள். அவளுக்குப் போன் செய்து கேட்கலாம். என்ன கேட்பது, என் வீட்டைப் பார்க்காதே என்றா. கேட்டு, அவள் போய் சுதாகரிடம் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, வேலையும் போச்சு, வீடும் போச்சு. வீட்டைக் கொடுத்ததே அந்த வேலையைப் பார்த்துத்தான், நீ ஓனருங்களுக்காக வேலை பார்க்கிற பொண்ணு, உன்னை நம்பலாம் என்றாள் கீழ்வீட்டு அம்மா, ஆபீஸ் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு. ஆக, ஒன்றும் கேட்கவில்லை. அமலோற்பவத்திடம், பன்னண்டு மணிக்கு ஒரு பொண்ணு வரும், கட்டாயம் ஊதுபத்தி கொளுத்திடு, டிவியைக் கூட்டி வை, அவர் தூங்குறார்னு சொல்லி ரூம் கதவைச் சாத்தி வை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டின பிறகுதான், தான் சொன்னது எல்லாமே தன் லிஸ்டில் இருப்பவைதான் என்பது உறைத்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள், பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அதை மாற்றிச் சொல்லலாம் என்றால் எப்படி மாற்றுவது. ஊதுபத்தி வேண்டாம் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும், டிவி வேண்டாம் என்றால் முனகல் காட்டிக்கொடுக்கும். மறைத்தாலும் தெரியும், மறைக்காவிட்டாலும் தெரியும், அப்படித்தான் அந்த லிஸ்டை அவள் எழுதியிருந்தாள், நல்ல வேலைக்காரி.

போட்டோ எடுக்க வேண்டும். ஹால், சமையலறை, படுக்கையறை, பாத்ரூம், நாலு படம் ஏறினால்தான் போனில் பச்சை நிறமே திறக்கும். ஹாலை எடுக்கப் போனை உயர்த்தினபோது காலண்டர் கட்டத்துக்குள் வந்தது. ஒரு பாத்திரக்கடை கொடுத்த மாதக் காலண்டர், ஒவ்வொரு தேதிக்கும் கீழே பொடி எழுத்தில் நட்சத்திரம் போட்டது. நாளைக்குத் தொடங்கி வரிசையாக ஐந்து நாளைப் பென்சிலால் மெல்லிசாக வட்டம் போட்டிருந்தார்கள். அவள் கை இறங்கிவிட்டது. வேறு யார் பார்த்தாலும் பால்காரன் வராத நாள் என்று நினைப்பார்கள், மகன் ஊருக்குப் போகிற நாள் என்று நினைப்பார்கள். அவள் லிஸ்டில் இது இல்லை. லிஸ்ட் எழுதினபோது அவளுக்கு இது தெரியாது, இது தெரிவதற்கு வீட்டில் ஒருவர் படுத்திருக்க வேண்டும். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த ஐந்தில் உயிர் போனால் அடைப்பு, உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும் என்பார்கள். சொந்த வீட்டிலேயே அது பெரிய கஷ்டம், வாடகை வீட்டில் கேட்கவே வேண்டாம். அவள் வீட்டில் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அதிலும் இதே ஐந்து வட்டம், அவளும் பென்சிலால்தான் போட்டிருக்கிறாள், அழிக்க வசதியாக. இன்றைக்குத் திருவோணம். திருவோணத்துக்கு அடைப்பு இல்லை. விடிகாலையில் அவருக்கு முதுகைத் துடைத்துவிட்டு, எலும்பின் மேல் எலும்பாக அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே, இன்னிக்குப் போயிட்டா நல்லது என்று நினைத்தாள். நினைத்தாள், அவள்தான் நினைத்தாள். சாமி, அப்படி நினைக்கவில்லை என்று உடனே மாற்றிக்கொண்டாள், ஆனால் முதலில் வந்தது அதுதானே. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவருக்குக் கேட்டிருக்குமோ என்று காலையிலிருந்து அந்த இடத்திலேயே மனசு இடறி இடறி விழுகிறது. இன்னிக்குப் போயிட்டா நல்லது. இந்தக் கோதண்டமும் இன்றைக்குக் காலையில் இதையேதான் நினைத்திருப்பார், பல் தேய்த்துக்கொண்டே அந்தக் காலண்டர் முன்னால் நின்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டு, மோருக்கு உப்புப் போட்டிருக்கிறார்.

காலண்டர் வராமல் ஹாலை எடுத்தாள், சமையலறையை எடுத்தாள். பாத்ரூமை எடுத்தாள், அங்கே கொடியில் வேட்டித் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, அவை படத்தில் வராமல் தள்ளி நின்று எடுத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கை அவளிடம் சொல்லவில்லை. "அந்த ரூம் மட்டும் பாக்கி சார்." கோதண்டம் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார், பஸ் ஃபுட்போர்டை மறித்து நிற்கிற மாதிரி, கை இரண்டையும் லேசாக விரித்து. "பையன் தூங்குறாம்மா. நைட் ஷிப்ட். இப்பத்தான் வந்து படுத்தான், எழுப்பினா கோவம் வரும் அவனுக்கு." வாசலில் பையன் செருப்பு இல்லை, கொக்கியில் பையன் சட்டை இல்லை. அந்த நேரம் பார்த்து மாமியாரும் மருமகளும் நிறுத்தினார்கள், விளம்பரம் தொடங்குவதற்கு நடுவே டிவி ஒரு விநாடி, ஒன்றரை விநாடி, ஊமையானது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். வார்த்தை இல்லை. தண்ணீர் கேட்கிறதா, வலிக்கிறது என்கிறதா, யாரையாவது கூப்பிடுகிறதா என்று சொல்ல முடியாது, மூன்றுமாகத்தான் இருக்கும், பலராமனுக்கும் மூன்றுக்கும் ஒரே குரல்தான். கோதண்டம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். கண் அவளை விட்டு நகரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை, ரிமோட்டில் பொத்தானைத் தேடித் தடவியது. "தூங்கட்டும் சார். பரவாயில்லை" என்றாள் திலகவதி. "வீடு நல்லா வச்சிருக்கீங்க. ஓனர்கிட்ட அப்படியே சொல்றேன்." அவருக்குப் பேச்சு வரவில்லை. உட்காராமலேயே பேச்சு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார், அவள் அதைப் பார்க்காத மாதிரி செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரம், அதன் நிழலில் நின்று போனைத் திறந்தாள். மூன்று படம் ஏறியிருந்தது, நாலாவது கட்டம் காலி. பச்சைப் பொத்தான் சாம்பல் பூத்த மாதிரி அழுத்தமுடியாமல் கிடந்தது. மஞ்சள் இருந்தது, சிவப்பு இருந்தது. மஞ்சள் போடலாம், ஒரு வாரம் கிடைக்கும், ஒரு வாரத்தில் அந்த அம்மா... ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் ஐந்து நாளும் வருகிறது. தவிர மஞ்சளுக்கு மறுபடி பார்க்க வருவது சுதாகர். அவர் வந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடிப்பார், திலகாக்கா லிஸ்ட் எழுதின திலகாக்காவுக்கே இது எப்படித் தெரியாமல் போச்சு என்பார். போன மாதம் சேலையூரில் அவள் பச்சை போட்ட ஒரு வீட்டில் மூன்றாம் வாரம் சாவு விழுந்துவிட்டது. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது, நெஞ்சுவலி, திடீரென்று. வீட்டுக்காரர் ஆபீசுக்கே வந்து கத்தினார். இன்னொண்ணு இப்படி வந்தா என்னால உங்களைக் காப்பாத்த முடியாதுக்கா என்றார் சுதாகர், நல்லபடியாகத்தான் சொன்னார். மணி பதினொன்று ஐம்பது. நிவேதா இப்போது அவள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருப்பாள். இன்னும் பத்து நிமிஷத்தில் படியேறுவாள், மூக்கை உறிஞ்சுவாள், செருப்பைப் பார்ப்பாள். பலராமன் செருப்பு! அதை எடுத்து உள்ளே வைக்கச் சொல்ல மறந்துவிட்டாள், கார்த்திகையிலிருந்து அங்கேயே கிடக்கிறது. நிவேதா சிவப்புப் போடுவாள், போட்டால் கீழ்வீட்டு அம்மா சாயங்காலமே மாடிக்கு வருவாள், அவள் தம்பி வருவான், ஆம்புலன்ஸ் வரும், அவரை நாற்காலியில் வைத்துப் படியில் இறக்குவார்கள், மாடிப்படி வளைவில் நாற்காலி திரும்பாது, அவருக்குக் கத்தக்கூட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் சிவப்புப் போட்ட ஒரு கோவில் தெரு வீட்டு அம்மாவை, சாமான்களோடு சாமானாக டெம்போவில் ஏற்றினார்கள் என்று புரோக்கர் சொன்னான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில். போற வழியிலேயே முடிஞ்சிடுச்சுக்கா, என்றான். அந்த அம்மாவின் பெயர்கூட அவளுக்கு ஞாபகமில்லை. சுதாகர் ஒருவர்தான் எதையாவது செய்ய முடியும். சுதாகரிடம் போய், சார், இந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுடுங்க, அவருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கேட்க முடியும். கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும். இன்றைக்கு ஒழுங்காக ஒரு சிவப்பைப் பிடித்துக்கொடுத்தவளுக்கு அந்த முகம் இருக்கும், மஞ்சள் போட்டு மழுப்பினவளுக்கு இருக்காது. ஒரு வீட்டைக் கொடுத்து ஒரு வீட்டை வாங்குவது. அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், எனக்கு யார் இருக்கிறார்கள். அந்த அம்மா எப்படியும், அவர் எப்படியும், எல்லாரும் எப்படியும். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். சிவப்பின் மேல் இருந்தது. மற்றவை என்ற இடத்தில், படுத்த படுக்கையாக நோயாளி, மறைக்கிறார்கள் என்று எழுதினாள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள். அனுப்பினாள். அனுப்பினதைத் திரும்ப எடுக்க அந்தப் போனில் வழி கிடையாது, அதுவும் அவள் கேட்டுச் சேர்த்ததுதான், குடித்தனக்காரர்கள் அழுதால் சின்னப் பெண்கள் மனசு மாறிவிடுகிறார்கள் என்று.

உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. குடையை எங்கே வைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, நிவேதா. எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்து ஓய்ந்த பிறகு மறுபடி அடித்தது, எடுத்தாள். "அக்கா, உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்" என்றாள் நிவேதா, மூச்சு வாங்க. "சீக்கிரமே வந்துட்டேன். ஏன்க்கா எங்க யார்கிட்டயும் சொல்லல நீங்க? சார் இப்படி இருக்காருன்னு." திலகவதி போனை மறு காதுக்கு மாற்றினாள். "அழாதீங்கக்கா. நான் பச்சைதான் போட்டேன்." எப்படி, என்று கேட்டாள். "ரூம் போட்டோவுக்கு உங்க ஹாலையே இன்னொரு மூலையில இருந்து எடுத்துட்டேன். சோபாவை நானும் அந்த ஆயாம்மாவும் நகர்த்திட்டு, ஒரு பாயை விரிச்சுப் போட்டு எடுத்தேன். ரூம் மாதிரியே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது? அப்புறம், சார் என் கையைப் பிடிச்சாருக்கா. உங்களைன்னு நினைச்சுட்டார் போல. திலகா, திலகான்னார். விடவே இல்ல, கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் வந்தேன். செருப்பு வாசல்ல இருந்துச்சு, உள்ள எடுத்து வச்சிருக்கேன்." அக்கா, அக்கா, லைன்ல இருக்கீங்களா, என்றாள் நிவேதா. ஹாலையே இன்னொரு மூலையிலிருந்து எடுப்பது. நாலு வருஷம், பதினேழு அடையாளம், ஊதுபத்தி எத்தனை குச்சி என்றுகூடச் சொல்லிவிடுகிற மூக்கு. அது அவளுக்குத் தோன்றவேயில்லை. இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குப் படியேறின உடனே தோன்றியிருக்கிறது. பத்து நிமிஷம். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால்.

"அம்மா! மேடம்!" என்று கேட்டைத் திறந்துகொண்டு கோதண்டம் ஓடிவந்தார், வெறுங்காலோடு, தார் சுடுவதால் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு. கையில் அவள் குடை. "நாற்காலியிலேயே விட்டுட்டீங்க. இந்த வெயில்ல." கொடுத்தார், கொடுத்துவிட்டுப் போகவில்லை. மரத்தடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்ககிட்ட இனிமே பொய் எதுக்கும்மா. பையன் இங்க இல்ல. அவன் புனேல இருக்கான், வர்றதில்ல. உள்ள இருக்கறது என் வீட்டுக்காரி. உங்களுக்குக் கேட்டுடுச்சு, எனக்குத் தெரியும். கேட்டும் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்தீங்க பாருங்க." அவருக்குக் கண் நிரம்பிவிட்டது, அதை மறைக்கத் தெரியவில்லை, எதையுமே மறைக்கத் தெரியாத மனுஷர். "உள்ள போய் சொன்னேன். பயப்படாத சுலோ, வந்த அம்மா நல்லவங்க, நாம இங்கயே இருக்கலாம்னு. ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் சிரிச்சா. யாரு, எங்க, காட்டுங்கன்னு சைகை காட்டுறா. ஒரே ஒரு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடுங்கம்மா. யாருமே வர்றதில்ல எங்க வீட்டுக்கு." நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். கால் அவர் பின்னால் போயிற்று. அந்தத் தூசி படிந்த செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றினாள். டிவியை அவர் அணைத்துவிட்டிருந்தார். அறைக்கதவு திறந்திருந்தது, கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள், ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. கட்டிலில் கண்ணும் வாயும் மட்டும் மிச்சமிருந்த ஒருத்தி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இவங்கதான் சுலோ" என்றார் கோதண்டம். "நம்மள இங்கயே இருக்கச் சொன்ன அம்மா." போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து தேடியது, திலகவதியின் விரல்களைக் கண்டுபிடித்து, அந்த உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. தோள்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. சுதாகராகத்தான் இருக்கும், சிவப்பு வந்தால் உடனே ஓனருக்குச் சொல்லிவிட்டு அவளுக்கும் ஒரு வார்த்தை பாராட்டி அனுப்புவார். "முதுகுல புண் இருக்கா சார்?" என்று கேட்டாள் திலகவதி. "இருக்கும்மா, ரெண்டு இடத்துல" என்றார் அவர். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்க. இப்ப ஒருதரம் போடலாம், பிடிங்க" என்றாள், பிடித்த கையை அந்த அம்மா விடாததால் ஒற்றைக் கையாலேயே அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்தாள்.